ஒரு கல்வெட்டு போதாது

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் குடவோலை நினைவுக்கு வருகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள், முப்பது குடும்புகளிலிருந்து வாரிய உறுப்பினர்களை ஓலை எடுத்துத் தேர்ந்த முறையை விரிவாகச் சொல்கின்றன. பள்ளிப் பாடநூல்களில் அவை உண்டு. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது பிரதமரின் உரையிலும் உத்திரமேரூர் இடம்பெற்றது. பெருமைப்பட வேண்டிய ஆவணம்தான். அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அவற்றில் இரண்டாவது கல்வெட்டு விதிக்கும் தகுதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அது ஒரு பிரமதேய ஊரின், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊரின், சபை. அந்த ஊரில் குடியிருந்தவர்களில் எத்தனை பேர் இந்தத் தகுதிகளைப் பெற்றிருப்பார்கள்? தொண்டை மண்டலத்தில் இப்படிச் சபை நடத்திய ஊர்கள் எத்தனை, நிலம் உழுதவர்களின் 'ஊர்' என்ற அமைப்பு இயங்கியவை எத்தனை? இந்தக் கேள்விகளுக்கு அந்த இரண்டு கல்வெட்டுகளை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது. நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளை வரிசைப்படுத்தி எண்ணினால்தான் கிடைக்கும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் சரி. ஒரே பானை, ஒரே தீ, ஒரே கொதி என்பதால் ஒரு பருக்கை மற்றவற்றுக்காகப் பேசுகிறது. வரலாறு அப்படி ஒரே சீராக வெந்ததில்லை. ஆற்றங்கரை ஊரும் வானம் பார்த்த ஊரும், பத்தாம் நூற்றாண்டும் பதின்மூன்றாம் நூற்றாண்டும், கொடை கொடுத்தவரும் கூலிக்கு உழைத்தவரும் ஒரே பதத்தில் இருந்ததில்லை. அப்படியிருந்தும் தமிழக வரலாறு பற்றிய நம் பொதுப்பேச்சு இன்றும் தனித்தனிச் சான்றுகளின் மேல்தான் நிற்கிறது. ஒருவர் தமக்கு உகந்த கல்வெட்டு ஒன்றை எடுத்துக் காட்டுகிறார், எதிர்க்கட்சிக்காரர் தமக்கு உகந்த இன்னொன்றை எடுக்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை என்பதால் சண்டை முடிவதே இல்லை. கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்குக் கல்வெட்டைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு, எண்ணவும், அட்டவணையிடவும், வரைபடத்தில் குறிக்கவும், ஆய்வுக்கூடத்துக்காரரோடு பேசவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நான் வாதிடுவது இந்தக் காரணத்தால்தான்.

தமிழுக்கு இது புதிதுமல்ல, இறக்குமதிச் சரக்குமல்ல. நொபொரு கராஷிமா என்ற ஜப்பானிய அறிஞர் 1960களிலேயே திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார். ஓர் ஊரில் நிலம் பொதுவாகவும், பிரமதேயமாக இருந்த மற்றோர் ஊரில் தனியாள் உடைமையாகவும் இருந்ததை எல்லை விவரங்களிலிருந்து வெளிக்கொணர்ந்தார். பின்னர் எ. சுப்பராயலுவும் கராஷிமாவும் தோரு மட்சுயியும் சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்கள் அனைத்தையும் கணிப்பொறி துணைகொண்டு அகரவரிசைப்படுத்தி 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். வெளியிட்டது மதுரை சர்வோதய இலக்கியப் பண்ணை. நம்மில் பெரும்பாலோர் கணிப்பொறியைக் கண்ணால் பார்த்திராத காலம் அது.

அந்த உழைப்பின் பயன் எப்படிப்பட்டது என்பதற்கு வரிகளைப் பற்றிய ஆய்வே போதும். சோழர் காலத்து வரிப்பெயர்கள் என்று நூல்களில் நீண்ட பட்டியல் தருவது வழக்கம். அதைப் படிப்பவருக்குக் குடியானவர் தலையில் நானூறு வரிகள் ஒரே நேரத்தில் இறங்கியது போலத் தோன்றும். கராஷிமாவும் சீதாராமனும் 1972இல் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் எத்தனை முறை, எந்தக் காலத்தில், எந்த மண்டலத்தில் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட சொற்களில் பெரும்பாலானவை ஓரிரு இடங்களில் மட்டும் தலைகாட்டிவிட்டு மறைகின்றன. கடமை, குடிமை, அந்தராயம், வெட்டி, எச்சோறு போன்ற ஒரு சிலவே திரும்பத் திரும்ப வருகின்றன. அவையும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுகின்றன. பட்டியல் காட்டாத ஒன்றை எண்ணிக்கை காட்டிவிட்டது. சோழ அரசு, வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி வரைந்தது போல வலுவான மைய நிர்வாகம் கொண்டதா, பர்ட்டன் ஸ்டைன் 1980இல் சொன்னது போல மையத்துக்கு வெளியே சடங்குத் தலைமை மட்டும் செலுத்தியதா என்ற பெரிய விவாதமும் இப்படித்தான் தரைக்கு வந்தது. புரவுவரித் திணைக்களம் என்ற வரித்துறை அதிகாரிகளின் பெயர்கள் எந்தக் காலத்தில், எந்தப் பகுதியில் கூடுகின்றன, எங்கே குறைகின்றன என்று சுப்பராயலுவும் கராஷிமாவும் கணக்கெடுத்த பிறகு, வெறும் கோட்பாட்டைக் கொண்டு அந்த விவாதத்தை நடத்த முடியாமல் போயிற்று.

இன்னொரு சான்று என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது. கோயில் பெண்கள் என்றதும் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் குடியேற்றிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியலே எடுத்துக்காட்டாக வரும். மன்னன் கொண்டுவந்து வைத்தான், அவர்கள் ஆடிப் பாடினார்கள் என்ற சித்திரம் அதிலிருந்தே பிறந்தது. லெஸ்லி ஓர் என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் கோயில் பெண்கள் வரும் இடங்களையெல்லாம் தொகுத்து, நான்கு காலப்பகுதிகளாகப் பிரித்து எண்ணினார். அந்தப் பெண்கள் பெருவாரியாக ஆடல்மகளிராக வரவில்லை, கொடையாளராக வருகிறார்கள். தங்கள் ஊர்க் கோயிலுக்குப் பொன்னும் நிலமும் விளக்கும் கொடுத்து, அதன் வழியே மரியாதைகளையும் உரிமைகளையும் பெறுகிறார்கள். பிற்சோழர் காலத்தில் இது மிகுகிறது. தஞ்சாவூர் நிகழ்வு வேறெங்கும் நிகர் இல்லாத விதிவிலக்கு என்பது அப்போதுதான் தெளிவானது. மிகப் புகழ்பெற்ற கல்வெட்டு, அதன் புகழாலேயே, ஆயிரம் பெண்களின் வாழ்க்கையை மறைத்துக்கொண்டிருந்தது.

காஞ்சிபுரத்து நெசவாளர் வரலாற்றுக்கு வருவோம். கிருஷ்ணதேவராயர் காலத்தில், நானூறு ஆண்டுகளுக்கு முன், ஆந்திரப் பகுதியிலிருந்து வந்தவர்கள் இங்கே பட்டு நெசவைத் தொடங்கினார்கள் என்ற வாசகம் கடைப் பலகைகளிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. கிருஷ்ணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அதற்கு இப்போது ஐந்நூறு ஆண்டுகள் ஆகின்றன. சாதாரணக் கழித்தல் கணக்கைக்கூட யாரும் போட்டுப் பார்க்கவில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் உத்தம சோழன் செப்பேடு பத்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தது. காஞ்சிபுரத்தின் பழம்பெயரான கச்சிப்பேட்டின் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகத்தைப் பற்றிப் பேசும் அது, ஏற்றுவழிச்சேரி, கஞ்சகப்பாடி, கம்புழான்பாடி, அதிமானப்பாடி என்ற நான்கு இடங்களில் குடியிருந்த பட்டசாலியர் என்ற நெசவாளரிடம் கோயில் கணக்கைக் கவனிக்கும் பொறுப்பை ஒப்படைக்கிறது. கோயில் பணத்தை மேற்பார்வையிடும் அளவுக்கு நெசவாளர் உயர்ந்திருந்தார்கள் என்பது உறுதி. எத்தனை குடும்பங்கள், எத்தனை தறிகள், துணி எங்கே போயிற்று, கூலி யாருக்குப் போயிற்று என்பதைச் செப்பேடு சொல்லாது. பல்லவர் காலம் தொட்டே தறிக்கு வரி வாங்கியிருக்கிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் தறியிறை வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு வட்டாரத்துக் கைக்கோள நெசவாளர், காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு உள்ளபடியே தண்டும் (பல்லக்கும்) சங்கும் பயன்படுத்தும் உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றிருக்கிறார்கள். விஜயா ராமசாமி 1985இல் வெளியிட்ட இடைக்கால நெசவாளர் பற்றிய நூல் இப்படிப்பட்ட சான்றுகளை ஒன்றுதிரட்டிக் கொடுத்தது. அதன் அடுத்த படியாக, தறிவரி வரும் ஒவ்வோர் ஊரையும் ஆண்டையும் வரைபடத்தில் குறித்து, வணிகப் பாதைகளோடும் ஏரிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை காஞ்சிபுரத்துக் கல்லூரிகளில் ஒன்றிலாவது நடந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அதற்கு அடுத்த காலகட்டத்துக்குச் சான்று நாம் நினைப்பதைவிட நிறையவே இருக்கிறது. ஆற்காட்டு நவாப்பிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு வந்த செங்கற்பட்டு ஜாகீரில் காஞ்சிபுரமும் அடங்கும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அங்கே ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிக் கொடுத்த விவரங்களே அதற்கு அடிப்படை. எத்தனை வீடுகள், யார் யார் வீடுகள், எவ்வளவு நிலம், எவ்வளவு விளைச்சல், களத்து மேட்டிலேயே கோயிலுக்கும் கணக்கருக்கும் தலையாரிக்கும் தச்சருக்கும் பிரிந்த பங்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் உண்டு. ஆய்வாளர் தரம்பாலும், அவர் வழியில் ஜிதேந்திர பஜாஜும் எம். டி. சீனிவாஸும் இந்தக் கணக்குகளின் அருமையை எடுத்துக்காட்டினார்கள். ஜப்பானிய அறிஞர் சுகாசா மிசுஷிமா அதே தரவைக் கணிப்பொறி வரைபடத்தில் ஏற்றி, மிராசு உரிமை ஊர் ஊராக எப்படிப் பரவிக் கிடந்தது என்று ஆராய்ந்தார்.

இந்தக் கணக்கின் பெறுமானத்தை உணர 1780ஐ நினைத்துப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஐதர் அலியும் திப்புவும் கும்பினிப் படையை நொறுக்கினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனைச் சுவரில் அந்தப் போர் இன்றும் ஓவியமாக இருக்கிறது. வெற்றி பெற்றவர் பெயரும் தோற்றவர் பெயரும் நமக்குத் தெரியும். படைகள் போய்வந்த பாதையில் இருந்த ஊர்களுக்கு என்ன ஆயிற்று? 1790களில் ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், போரும் பஞ்சமும் குடிகளைச் சிதறடித்த சீமையைச் சீர்படுத்துவதையே தம் பெரிய வேலையாக எழுதி வைத்திருக்கிறார். போருக்கு முன் ஒரு கணக்கு, போருக்குப் பின் ஒரு கணக்கு என இரண்டும் இருக்கின்றன. ஊர் ஊராக ஒப்பிட்டால், எந்த ஊரில் நெசவாளர் வீடுகள் குறைந்தன, எந்த ஊர் பாழாகிக் கிடந்தது என்பது தெரியவரும். தளபதிகளுக்கு ஓவியம் கிடைத்தது போல, ஓடிப்போன நெசவாளருக்கும் உழவருக்கும் வரலாற்றில் இடம் கிடைக்க எண்ணிக்கையைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எண்ணுவது மட்டும் போதுமா என்றால், போதாது; எதை எண்ணுகிறோம் என்று அறியத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். வரிக் கணக்கில் 'தறி ஒன்று' என்று இருந்தால் ஆள் ஒன்று என்று எடுத்துக்கொள்வது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்யும் பிழை. உடலையும் கரையையும் கோத்து நெய்யும் காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, இரு பக்கக் கரைக்கு இரண்டு நாடா என மூன்று ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர் கைக்கு எட்டாது என்பதால் பக்கத்தில் உதவியாள் ஒருவர் உட்கார்ந்தாக வேண்டும். பல தலைமுறைகளாக அந்த இடத்தில் வீட்டுப் பிள்ளைகளோ கடனுக்கு அமர்த்தப்பட்ட பிள்ளைகளோ உட்கார்ந்தார்கள். தார் சுற்றுவதும் இழை பிணைப்பதும் பெரும்பாலும் பெண்கள் வேலை. பாவு ஓட்டுவதற்குத் தெரு வேண்டும், பல கைகள் வேண்டும். தறியின் நுட்பத்தை அறிந்தவர்தான் பழைய ஏட்டில் உள்ள தறி எண்ணிக்கையை மனித எண்ணிக்கையாக மாற்ற முடியும். ஏட்டில் பெயர் வராத பெண்ணையும் சிறுவனையும் அவரால்தான் கணக்கில் சேர்க்க முடியும். பத்மசாலியரிடையே களப்பணி செய்து ஆர்த்தி கவ்ல்ரா 2018இல் எழுதிய நூல் போன்ற மானிடவியல் ஆய்வுகள் இந்த இடத்தில் வரலாற்றுக்குத் துணை வருகின்றன. வேதியியலும் வரும். செயற்கைச் சாயம் முதன்முதலாக உருவானது 1856இல். ஒரு பழஞ்சேலையின் நூலிழையில் செயற்கைச் சாயம் இருந்தால் அந்தச் சாயம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. அரக்குச் சிவப்பு மெய்யாகவே அரக்கிலிருந்து வந்ததா என்பதையும் ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று ஊடுகதிர்க் கருவியால் சேலையைக் கிழிக்காமலே அளக்கலாம். நல்ல ஆண்டில் வெள்ளி ஏறி, கெட்ட ஆண்டில் செம்பு ஏறிய கதையைச் சேலைகளே சொல்லக்கூடும். கோயில்களிலும் பழைய குடும்பங்களிலும் இருக்கும் சேலைகளை இந்தக் கண்ணோட்டத்தில் யாராவது பார்க்க வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கல்வெட்டுகள் கோயிலுக்குக் கொடை கொடுத்தவர்களைப் பற்றியவை. கல்லில் ஏறாத கூலியாள் அதில் இல்லை. இடித்துக் கட்டிய கோயில்களில் எத்தனையோ கற்கள் தொலைந்தன. இப்படிக் கோணலான சான்றை எண்ணினால் கோணலான விடைதானே வரும் என்கிறார்கள். உண்மை. ஆனால் அதே கோணல் தனி ஒரு கல்வெட்டை எடுத்துக் காட்டுபவரிடமும் உண்டு. அவரிடம் அது கண்ணுக்குத் தெரியாது என்பதே வேறுபாடு. எண்ணுபவர், எந்தக் காலத்துக்கு எத்தனை கல்வெட்டு, எந்த ஊரில் எத்தனை என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும். சொன்ன மறுகணமே சான்று எங்கே மெலிந்திருக்கிறது என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு தொண்டை மண்டலம் முழுவதற்கும் பேசுவது தவறு என்பதை அட்டவணையே எச்சரித்துவிடும்.

எண் மனிதர்களின் துன்பத்தை விழுங்கிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு அமெரிக்காவில் பெரிய உதாரணம் உண்டு. ராபர்ட் ஃபோகலும் ஸ்டான்லி எங்கர்மனும் 1974இல் அடிமை முறையைப் பற்றி எழுதிய நூலில், ஒரு தோட்ட முதலாளியின் குறிப்பேட்டை வைத்து, ஓர் அடிமைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 0.7 கசையடித் தண்டனை என்று கணக்கிட்டார்கள். கேட்க மிகச் சிறிய எண். அடுத்த ஆண்டே ஹெர்பர்ட் கட்மன் அதே குறிப்பேட்டை எடுத்து, அந்தத் தோட்டத்தில் நாலைந்து நாளுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் அடிபட்டுக்கொண்டிருந்தார் என்று காட்டினார். எல்லோர் கண்முன்னும் அடிக்கப்படும் ஒரு சமூகத்தில் அச்சத்தைச் சராசரியால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். இந்த வரலாற்றை நான் எண்ணிக்கைக்கு எதிரான சான்றாகக் கருதவில்லை. தவறான எண்ணைத் திருத்தியது இன்னொரு எண்; கட்மனும் எண்ணித்தான் மறுத்தார். கணக்கு வெளிப்படையாக இருந்ததால் பிழையை ஓராண்டில் பிடிக்க முடிந்தது. உணர்ச்சி மிகுந்த வருணனைகளில் புகுந்த பிழைகளைப் பிடிக்க நமக்குத் தலைமுறைகள் ஆகின்றன.

அரசுகள் எடுத்த கணக்கை நம்பலாமா என்ற ஐயமும் சரியானதே. நம் காலத்திலேயே பார்க்கலாம். 2009-10இல் எடுத்த தேசியக் கைத்தறிக் கணக்கெடுப்பு 27.83 லட்சம் குடும்பங்களையும் 43.31 லட்சம் தொழிலாளரையும் கண்டது. 2019-20 கணக்கெடுப்பில் குடும்பங்கள் 31.45 லட்சமாக ஏறின, தொழிலாளர் 35.22 லட்சமாக இறங்கினர். கைத்தறி வளர்கிறது என்று ஒருவர் முதல் எண்ணைக் காட்டலாம், அழிகிறது என்று இன்னொருவர் இரண்டாம் எண்ணைக் காட்டலாம். குடும்பம் என்று எதை எழுதினார்கள், துணைவேலை செய்யும் பெண்களை எப்படிச் சேர்த்தார்கள், எந்த மாநிலத்தில் ஏற்றம் நிகழ்ந்தது என்று கேட்பவர்தான் இதைப் புரிந்துகொள்ள முடியும். பர்னார்டின் கணக்கையும் அப்படித்தான் கேட்க வேண்டும். வரி விதிக்க எடுத்த கணக்கில் ஊர்க் கணக்கர் எதைக் குறைத்துச் சொல்லியிருப்பார் என்ற கேள்வியோடு அணுக வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பயிற்சி வரலாற்று மாணவருக்குத்தான் உரியது. புள்ளியியல் மட்டும் படித்தவர் எண்ணைப் பெற்றதும் கூட்டத் தொடங்கிவிடுவார்.

இதனால் பழைய படிப்பு தேவையற்றுப் போகும் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. கல்வெட்டுத் தமிழ் அறியாமல் எண்ணியவர் எவரும் உருப்படியாக ஒன்றும் செய்ததில்லை. கணிப்பொறியோடு பெயர் தொகுத்த அதே சுப்பராயலுதான் தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதியும் உருவாக்கினார். ஒரு சொல்லைப் பிழையாகப் படித்துவிட்டு அதை ஆயிரம் முறை எண்ணினால் பிழை ஆயிரம் மடங்காகும் என்பதை அவரைப் போன்றவர்கள் நன்கு அறிவார்கள்.

கல்வெட்டுகளுக்காவது படிகள் மைசூரிலும் சென்னையிலும் இருக்கின்றன, அச்சிட்ட தொகுதிகள் இருக்கின்றன. எனக்கு அவசரமாகப் படுவது நேற்றைய ஏடுகள். காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களில் உறுப்பினர் பதிவேடு, பாவும் ஊடையும் கொடுத்த கணக்கு, நெசவுக் கூலிப் பட்டி, ஜரிகை வாங்கிய ரசீது என்று பல பத்தாண்டுகளின் தாள்கள் சேர்ந்திருக்கின்றன. பட்டு விலையும் வெள்ளி விலையும் ஏறும்போது கூலி ஏறியதா, எந்த ஆண்டில் எந்தத் தெருவில் தறிகள் நின்றன, நெசவாளர் மகன் எப்போது சங்கத்திலிருந்து விலகித் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைக்குப் போனான் என்பதையெல்லாம் சொல்லும் ஆவணங்கள் வேறெங்கும் கிடையாது. இவோன் ஆர்ட்டர்பர்ன் 1982இல் இந்தச் சங்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளின் தாள்கள் குவிந்துவிட்டன. தணிக்கை முடிந்த பழைய ஏடுகள் அலுவலகத்துக்கு இடத்தை அடைக்கும் சுமை. கரையானுக்கும் பழைய தாள் வண்டிக்கும் போவது எளிது. கைத்தறித் துறை ஒரே ஓர் ஆணையால் இதைத் தடுக்கலாம்: எந்தச் சங்கமும் 2000க்கு முந்தைய பதிவேட்டை அழிக்கக்கூடாது, தமிழ்நாடு ஆவணக்காப்பகம் அவற்றைப் பார்வையிட்டுப் படமெடுக்க வேண்டும், உறுப்பினர்களின் தனிப்பட்ட விவரங்களை மறைத்த பிறகு ஆய்வாளருக்குத் திறந்துவிட வேண்டும். பல்கலைக்கழகங்கள் தம் பங்குக்கு, முதுகலை வரலாற்றுப் பாடத்தில் ஒரு பருவத்தை இந்தப் பதிவேடுகளை அட்டவணைப்படுத்தும் களப்பணிக்கு ஒதுக்கலாம். புள்ளியியல் துறை ஆசிரியரும் நெசவு ஆசிரியர் ஒருவரும் வரலாற்றுத் துறையோடு சேர்ந்து அதை நடத்தலாம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் கோர்வை போடத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஏட்டில் உள்ள குறியீடுகளைப் படித்துச் சொல்ல அவர்களால் முடியும். அவர்கள் இருக்கும்போதே இந்த வேலை தொடங்க வேண்டும்.